முதல் வார்த்தை என்ன?

நாளைக் காலை அப்பா பள்ளிக்குப் போய் என் டி.சி.யை வாங்கப் போகிறார். பெண்பிள்ளைக்குப் பத்தாவது போதுமாம்.

தோழி வீட்டுக்கு என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, படாளம் கூட்ரோடு பிரவுசிங் சென்டருக்கு வந்தேன். எல்லோரும் கேள்வி கேட்கும் இந்த இணையதளத்தில், “படிப்பை நிறுத்த வேண்டாம் என்று அப்பாவிடம் எப்படிப் பேசுவது?” என்று கேட்டேன்.

உடனே பதில் வந்தது. “இது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கவும்.” கேள்வியையும் மூடிவிட்டார்கள்.

சென்டர் அண்ணன் எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா, கேள்விக்குப் பூட்டு போட்டுட்டானுங்களா? என் கடையக்கூட நான் இவ்ளோ சீக்கிரம் மூட மாட்டேம்மா.”

“ஒண்ணும் இல்லண்ணா” என்று திரையை மறைத்துக்கொண்டேன். அவருக்கு அப்பாவைத் தெரியும்.

அவர்கள் காட்டிய பழைய கேள்வியைத் திறந்தேன். அதைக் கேட்டிருந்த அக்காவுக்கு அப்பா இல்லை, மாமாதான் நிறுத்தச் சொல்கிறார். கீழே நிறைய பேர், “மனம்விட்டுப் பேசு” என்று எழுதியிருந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று ஒருவரும் எழுதவில்லை. அப்பா எதிரில் நான் சோறு போதும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டுவேன்.

அந்த அக்கா அதன்பிறகு அங்கே எதுவும் எழுதவில்லை.

உங்களில் யாராவது இப்படி வீட்டில் பேசியிருந்தால், முதலில் என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று மட்டும் இந்தப் புதுக் கேள்விக்குக் கீழே எழுதுங்கள். இதையும் யாராவது ஏற்கெனவே கேட்டிருந்தால் மன்னிக்கவும். நான் இப்போதுதான் பத்தாவது முடித்தேன்.