எஸ்தரிடம் போக ஒரு பாலம்

ஆம்பூரை அடுத்த எங்கள் ஊரில், என் வீட்டுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவே ஓர் ஓடை பாலாற்றுக்குப் போகிறது. என் மனைவி எஸ்தரை அக்கரையில்தான் அடக்கம் செய்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளிடம் போவேன். ஓடை மணலில் இறங்கி ஏற முழங்கால் ஒத்துழைக்காததால், குறுக்கே சிறு பாலம் கட்ட நினைத்தேன்.

"அரசாங்க ஓடையாச்சே, அனுமதி வாங்கணுமே" என்றேன் மேஸ்திரியிடம்.

"காஞ்ச ஓடைக்கு இன்னா சார் பர்மிஷன்? அது வர்றதுக்குள்ள நீங்களே அந்தாண்ட போய்ச் சேர்ந்துடுவீங்க!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு சிமெண்ட் குழாய்களைப் பதித்து, மேலே கான்கிரீட் போட்டோம்.

ஐப்பசி மழையில் ஓடை நிரம்பி வந்தது. முள்செடியும் குப்பையும் குழாய்களை அடைத்துக்கொள்ள, வழியில்லாத தண்ணீர் அக்கரையில் ஏறிக் கல்லறைகளுக்குள் புகுந்தது. எஸ்தரின் சிலுவை மட்டும் வெளியே தெரிந்தது.

"உடைங்க மேஸ்திரி, உடைச்சிடுங்க!" என்று போனில் கத்தினேன்.

பொக்லைன் வந்து பாலத்தைப் பெயர்த்த பிறகுதான் தண்ணீர் வடிந்தது. தலைமாட்டில் கொஞ்சம் மண் கரைந்ததோடு கல்லறை தப்பியது.

இப்போது முறைப்படி விண்ணப்பித்திருக்கிறேன். அளக்க வந்த பெண் பொறியாளர், "வெள்ளம் போற அளவுக்கு உயரமா கட்டணும் சார். அனுமதி வர லேட்டாகும், பரவால்லையா?" என்றார்.

"ஆவட்டும்மா. வீட்ல எனக்காக யாரும் காத்துட்டு இல்ல" என்றேன்.

அதுவரை ஞாயிறுதோறும் பஸ் ஏறி, பெரிய பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். போய்ச் சேர வெயில் ஏறிவிடுகிறது. ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் கேட்பதில்லை.