சிம்பாங் அம்பாட்டிலிருந்து பாலிக் பூலாவுக்கு, பின் சீட்டில் கோப்பியுடன்

என் அண்ணன் என் நாயைத் திருடிக்கொண்டார். பூட்டை உடைக்கவில்லை, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்தில் குட்டியாகக் கிடந்த கோப்பியை எடுத்து வளர்த்தவள் நான். ஆனால் என் அடுக்குமாடியில் நாய்க்கு அனுமதி இல்லை. பினாங்கில் நாய் வளர்க்கப் பாசம் போதாது, தரை வீடு வேண்டும். சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுப்பவர்கள் மீன் வளர்த்துக்கொள்ளலாம். அண்ணனுக்குச் சிம்பாங் அம்பாட்டில் தரை வீடு. "ஒனக்கு இடம் கெடைக்கிற வரைக்கும் இங்க இருக்கட்டும்லா" என்றார். மூன்று வருடம் ஆயிற்று.

போன மாதம் பாலிக் பூலாவில், நாய்க்குச் சம்மதிக்கிற ஒரு வீட்டுக்காரரிடம் பழைய வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. கோப்பியை அழைத்துவரத்தான் இந்தப் பயணம்.

கைபேசியில் அழைக்கும் கார்களில் பெரும்பாலும் நாயை ஏற்றமாட்டார்கள். அவரவர் மதம், அதில் எனக்குக் கோபமில்லை. என்னிடம் மோட்டார் சைக்கிள்தான் உண்டு. ஆகவே அண்ணனின் கார், கூடவே அண்ணனும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். அதற்குச் சற்று முன்பு, அண்ணன் குளிக்கும் நேரத்தில், கோப்பிக்கு இரண்டு ரொட்டி சானாய் ஊட்டியிருந்தேன். அது என் பின்னால் வர வேண்டும் என்பதற்காக. வந்தது, காகிதம் காலியாகும்வரை.

"நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்துக்கிறேன். என்னைக் காணாட்டி அழும்."

"யாரு, நீங்களா?" என்றேன்.

கோப்பிக்கு மார்புப் பட்டை மாட்டி, அதன் குட்டை வாரை சீட் பெல்ட் பூட்டில் செருகினோம். பட்டையின் விலை முப்பத்தைந்து மலேசிய வெள்ளி. தீவுக்குப் போகும் இரண்டாவது பாலத்தின் டோல் ஏழு வெள்ளி. பாலத்தில் கடற்காற்றுக்காகக் கண்ணாடியை இரண்டு விரல் அகலம் இறக்கினேன். அதற்குமேல் இறக்கினால் தலையை நீட்டும். பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தபோது கோப்பியின் தலை அண்ணன் மடியில் இருந்தது. பிறகு நான் சாலையை மட்டுமே பார்த்தேன்.

தெலுக் கும்பார் தாண்டியதும் மலை வளைவுகள். கோப்பி எச்சில் ஒழுக்கியது, கொட்டாவிமேல் கொட்டாவி விட்டது. வாந்தி வரப்போவதற்கு அடையாளம் அது. நான் ஒதுங்க இடம் தேடுவதற்குள் வேட்டி போல வெளுத்த அண்ணனின் கால்சட்டைமேல் ரொட்டி சானாய் வந்து விழுந்தது.

அவர் அதைப் பார்த்தார். "என்ன குடுத்தே?"

"ரொட்டி."

"வாங்குறப்ப எனக்கும் ஒண்ணு வாங்கியிருக்கலாமே."

ஜாதிக்காய்த் தண்ணீர் விற்கும் கடையில் நிறுத்திக் கழுவினோம். கடைக்கார அக்கா கோப்பிக்கு ஐஸ் துண்டு ஒன்று போட்டார். "தம்பி, உங்க நாய் நல்ல பாசமா இருக்கே."

"என் நாய், அக்கா" என்றேன்.

அண்ணன் காலடியில் படுத்திருந்த கோப்பியை அக்கா பார்த்தார். "அதுக்குத் தெரியுமா?"

பத்தரைக்கு வீடு வந்தது. மொத்தம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். அண்ணன் வாசலைப் பார்க்கவில்லை, நேராக வேலிக்குப் போனார். ஓர் இடத்தில் கம்பி கிழிந்திருந்தது. "இதுல பூந்து ரோட்டுக்குப் போயிரும். நீ அடை, அப்புறம் கோப்பிய நான் கொண்டாறேன்." நான் வாரைக் கையில் பிடித்திருந்தேன். அண்ணன் கார்க் கதவைத் திறந்ததும் கோப்பி என்னை இழுத்துக்கொண்டு போய்த் தானே ஏறிக்கொண்டது. பிடியை விட்டேன்; அண்ணன் அதோடு திரும்பிப் போனார். தரை வீடு உள்ள ஆளைத்தான் நாய்க்கும் பிடிக்கும் போலிருக்கிறது.

உங்கள் நாயோடு கிளம்புகிறீர்களா? மூன்று மணி நேரம் முன்பே உணவை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் கொடுங்கள். முன் சீட் வேண்டாம்; காற்றுப்பை விரிந்தால் நாய் பிழைக்காது. மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நிழலில்கூடக் காருக்குள் தனியே விட்டுப் போகாதீர்கள். பழைய துண்டு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். போகிற இடத்தின் வேலியை முதல் நாளே போய்ச் சுற்றிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையே புதுக் கம்பி கட்டிப் படம் அனுப்பினேன். அண்ணன் பார்த்துவிட்டார், பதில் இல்லை. புதன்கிழமை மறுபடி அனுப்பினேன். அதையும் பார்த்துவிட்டார். இதையும் படிப்பார்.

வேலி அடைச்சாச்சு, அண்ணே. என் நாயைக் கொண்டாந்து விடுங்க.