படுக்கப்போட்டு அளந்த கட்டி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாயை மொட்டை மாடிக்கு இழுத்துப்போய் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். காது முடிந்து, கழுத்து முடிந்து, வயிற்றுப் பக்கம் வந்தபோது விரலில் ஏதோ இடறியது. பெரிய உண்ணி என்று நினைத்துக் கிள்ளினேன். வரவில்லை. தோலுக்கு அடியில் இருந்தது. கடைசிக் காம்புக்குப் பக்கத்தில், போலோ டி-ஷர்ட் பட்டன் அளவுக்கு, கெட்டியாக. அழுத்திப் பார்த்தேன். அவள் வாலை ஆட்டினாள். வலித்துக் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வலிக்காத கட்டிதான் மோசம் என்று செல்போன் சொன்னது. செல்போன் தலைவலியைக்கூடக் கேன்சர் என்றுதான் சொல்லும், ஆனாலும் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன்.

வேலம்பாளையத்தில் எங்களுக்கு மேலே வீடு, கீழே பனியன் யூனிட். நான் காலேஜ் முதல் வருஷம் படிக்கும்போது, கட்டிங் வேஸ்ட் எடுக்க வந்தவர் மூட்டையைத் தூக்க, அதற்குள்ளிருந்து உருண்டு விழுந்த குட்டி இவள். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். அன்றிலிருந்து துணிக் குவியலில்தான் படுக்கை. வெளிநாட்டுக் குழந்தைகள் போட வேண்டிய ஆர்கானிக் காட்டனில் படுத்து வளர்ந்த ஒரே தெருநாய் என்று ஃப்ரெண்ட்ஸிடம் பீற்றிக்கொள்வேன்.

மாடியிலிருந்து இறங்கி அம்மாவிடம் சொன்னேன். அம்மா துவரம்பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"பால் கட்டியிருக்கும். குட்டி போடாத நாய்க்கு அப்படித்தான் வரும். வெளக்கெண்ணெ தடவி உடு."

"குட்டியே போடல, பால் எங்கிருந்தும்மா வரும்?"

"எல்லாம் நெம்பப் படிச்சுப்போட்டே. போ, அப்பாகிட்ட கேளு."

அப்பாவிடம் போனேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்கு முன்பே தெரியும். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

"ஷிப்மெண்ட் முடியட்டும் கண்ணு."

எங்கள் வீட்டில் எல்லாமே ஷிப்மெண்ட்டுக்கு அப்புறம்தான். எனக்கு மொட்டை அடித்தது, அம்மா சொத்தைப் பல் பிடுங்கியது, அத்தையின் நிச்சயதார்த்தம் எல்லாமே. சின்ன வயதில் ஷிப்மெண்ட் என்றால் ஏதோ சாமி பண்டிகை என்று நினைத்திருந்தேன். முடிந்ததும் நல்லது நடக்கும், முடியும்வரை யாரும் சிரிக்கக்கூடாது. வளர்ந்த பிறகுதான் தெரிந்தது, அது வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புவது, ஒரு ஷிப்மெண்ட் முடிவதற்குள் அடுத்தது ஆரம்பித்துவிடும் என்று. இவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று நான் குதித்த காலத்திலும் இதே பதில்தான் வந்தது. அப்புறம் எல்லோரும் மறந்துபோனார்கள்.

"இல்லீங்கப்பா, இது வேற. கெட்டியா இருக்குது."

அப்பா கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்தார். எங்கள் யூனிட்டில் டேப் இல்லாத கழுத்தே கிடையாது. தாலிச் செயின் மறந்தாலும் டேப் மறக்காத அக்காமார்கள் இருக்கிறார்கள். அப்பா குந்தி உட்கார்ந்து அவள் வயிற்றைத் தட்டினார். அவள் கொஞ்சல் என்று நினைத்து மல்லாந்து விழுந்து நாலு காலையும் விரித்தாள். அப்பா கட்டியின் மேல் டேப்பை வைத்தார்.

"அரை இஞ்சுகூட இல்ல. அடுத்த வாரம் அளந்து பாப்போம். எச்சா ஆனாத்தான் டாக்டரு."

இது எனக்கும் நியாயமாகப் பட்டது. அதுதான் எரிச்சல். ஃபேஷன் டெக்னாலஜி படித்துவிட்டு, அப்பாவின் யூனிட்டிலேயே க்வாலிட்டி பார்க்கும் பெண் நான். நாள் முழுக்க அளப்பதுதான் என் வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு அளவு கொடுப்பான், இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று டாலரன்ஸ் கொடுப்பான். அதற்குள் இருந்தால் பாஸ். நாயையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறு அளந்தார். அதே அளவு. அதற்கடுத்த ஞாயிறும் அதே அளவு. இப்படியே மூன்று மாதம் போனது. நடுவில் செக்கிங் அக்காக்களும் ஆளுக்கு ஒரு தடவை அளந்தார்கள். அவளுக்கு ஏக சந்தோஷம். யாராவது கழுத்திலிருந்து டேப்பை உருவினாலே போதும், எங்கே இருந்தாலும் ஓடிவந்து மல்லாந்துவிடுவாள். திருநெல்வேலியிலிருந்து வந்த செக்கிங் அக்கா ஒருத்தி, டேமேஜ் இருக்கும் இடத்தைக் காட்டத் துணியில் ஒட்டுவோமே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர், அதில் ஒன்றை எடுத்துக் கட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள்.

"என்ன பாப்பா, உங்க நாயி மேஜர் டேமேஜா மைனர் டேமேஜா? ரிஜெக்ட் மூட்டையில போட்டுரவா?"

டேபிளைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அவள் அந்த ஸ்டிக்கரை நக்கி எடுத்துத் தின்றுவிட்டாள்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் படியேறும்போது பின்னாலிருந்து பார்த்தால் கட்டி தனியாகத் தொங்கி ஆடியது. படுத்தால் ஒன்றுமில்லை, அளவும் மாறவில்லை. நின்றால் நெல்லிக்காய். அப்பாவிடம் சொன்னேன்.

"நிக்கறப்ப பெருசாத் தெரியுதுங்கப்பா. நிக்க வெச்சு அளங்க."

அவர் கட்டிங் டேபிளில் துணியை அடுக்கடுக்காக லே விரித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"காலேஜ்ல என்னத்தத்தான் சொல்லிக் குடுத்தானுங்களோ. தொங்க உட்டு அளந்தா எந்தத் துணியா இருந்தாலும் எச்சாத்தான் காட்டும். டேபிள்ல படுக்கப்போட்டு, சுருக்கம் நீவிட்டு, அப்பறம் அளக்கோணும். இதுகூடவா தெரியாது?"

தெரியும். பின்னல் துணியைத் தூக்கிப் பிடித்தால் அதன் எடைக்கே நீண்டுவிடும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். அதனால் வாயை மூடிக்கொண்டேன். நாய் பின்னல் துணி இல்லை என்று சொல்ல, அவ்வளவு படித்தும் அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றவில்லை.

நானே கூட்டிப்போகலாம் என்று ஒருநாள் ஸ்கூட்டியில் ஏற்றினேன். முதல் திருப்பத்திலேயே குதித்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். ஆட்டோவைக் கூப்பிட்டேன். "அம்மிணி, இப்பத்தான் சீட் கவர் மாத்துனனுங்க. வேற வண்டி பாத்துக்கோங்க" என்று ஆட்டோக்காரர் ரொம்ப மரியாதையாகக் கிளம்பிப் போனார். மிச்சம் இருந்தது யூனிட் வேன். அது காதர்பேட்டைக்கும் டையிங்குக்கும் பிரிண்டிங்குக்கும் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒரு மணி நேரம் வேன குடுங்கப்பா."

"இன்ஸ்பெக்சனுக்கு ஆள் வரப்போறாங்க. பீஸ் இன்னும் அயனிங்ல கிடக்குது. நீயும் வேனும் இல்லாம நானென்ன பண்றது?"

"அது சாகப்போகுதுங்கப்பா!"

"வாயக் கழுவு. எச்சா ஆச்சா? ஆவல்ல? டேப்பு பொய் சொல்லுமா? ஷிப்மெண்ட் போன அன்னிக்கே நானே தூக்கிட்டு வர்றேன். போதுமா?"

அப்பா கெட்டவர் இல்லை. அது தெரிவதால்தான் இன்னும் கடுப்பு. சாயங்காலம் டீக்கு வரும் வர்க்கியில் பாதியை அவளுக்குத்தான் போடுவார். யாராவது அவளை மிதித்துவிட்டால் ஃப்ளோரே அதிரக் கத்துவார். பாசத்துக்குக் குறைவே இல்லை. எல்லாம் ஷிப்மெண்ட் முடியும்வரை காத்திருக்கும் பாசம்.

இன்ஸ்பெக்சன் வந்தது. பையர் அனுப்பிய ஆள் ஏசி இல்லாததற்கு முகம் சுளித்துக்கொண்டு, பெட்டிகளை இஷ்டத்துக்குப் பிரித்து, பீஸை டேபிளில் போட்டு டேப்பை உருவினான். உருவினானோ இல்லையோ, எங்கிருந்தோ அவள் வந்து அவன் ஷூவுக்குப் பக்கத்தில் மல்லாந்தாள்.

"சார், யே க்யா ஹை?" என்ன இது என்று இந்தியில் பதறிப் பின்வாங்கினான்.

"ஒண்ணுமில்லீங்க சார், அதுக்கும் செக்கிங் வேணுமாம்" என்று அப்பா இளித்தார். பாதி தமிழ், பாதி கையசைவு. அவனும் சிரித்தான். ஷிப்மெண்ட் பாஸ். அப்பா எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். நான் பப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். கட்டியின் மேல் தோல் பளபளவென்று, கொஞ்சம் சிவந்திருந்தது. கட்டியின் மேல் டேப்பை வைத்தேன். அளவு கூடவில்லை. இப்போது யோசித்தால், அது பக்கவாட்டில் வளரவே இல்லை, கீழ்நோக்கித்தான் வளர்ந்தது; மல்லாந்தால் மெத்தென்ற வயிற்றுக்குள் அமுங்கிக்கொண்டது.

மறுநாள் காலையில் பையரிடமிருந்து மெயில் வந்தது. அங்கே கடைகளில் பழைய சரக்கே விற்கவில்லையாம். சரக்கை இப்போது அனுப்ப வேண்டாம், மறுபடி சொல்லும்வரை வைத்திருங்கள் என்று நாலு வரி. கீழே நன்றி வேறு. நான்தான் அதைச் சத்தமாகப் படித்தேன். அப்பா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பெட்டிகள் எல்லாம் பிளாஸ்டிக் டேப் ஒட்டி, மார்க்கிங் போட்டு, கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அந்தப் பெட்டிகளில் சாய்ந்துகொண்டு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எதற்காக இவ்வளவு நாள் காத்திருந்தோமோ அது எங்கேயும் போகவில்லை.

"இப்ப வேன் சும்மாத்தானே நிக்குது?" என்றேன்.

அப்பா சாவியை எடுத்தார்.

ஒரு தனியார் கால்நடை கிளினிக். டாக்டர் அம்மா ரொம்பப் பேசுகிறவர் இல்லை. அவள் அறைக்குள் நுழைந்ததும் டாக்டர் கையைக் கழுவித் திரும்பினார். அப்பா பழக்கத்தில் கழுத்து டேப்பைத் தொட்டார். உடனே அவள் மல்லாந்துவிட்டாள்.

"எந்திரிக்க வைங்க. நிக்க வச்சுத்தான் பாக்கணும்" என்றார் டாக்டர்.

நான் இடுப்பைப் பிடித்து நிறுத்தினேன். டாக்டர் கீழிருந்து உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தார். அவர் கை நிறைய இருந்தது. விரல்கள் வரிசையாக அடுத்த காம்புக்கும் அதற்கடுத்ததற்கும் நகர்ந்தன. ஒவ்வொரு இடத்திலும் நின்றன. நான் ஒரே ஒரு கட்டியைத்தான் பார்த்திருந்தேன்.

"எப்ப கவனிச்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நெம்ப நாளாவேங்க டாக்டர். ஆனா நாங்க சும்மா உடலீங்க. வாராவாரம் அளந்துட்டுத்தான் இருந்தோம். எச்சாவே ஆவலீங்க."

"அளந்தீங்களா? எப்படி?"

"படுக்கப்போட்டுங்க" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போதே அவருக்கு எங்கேயோ இடறியிருக்க வேண்டும். அவர் குரல் பாதியில் இறங்கியது. "டேப்புலங்க."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அப்பா சமாளித்திருப்பார், பையர் திட்டுக்கே அசராத ஆள். டாக்டர் எக்ஸ்ரே மட்டும் எடுக்கச் சொன்னார். அதில் நுரையீரல் இருக்கும் இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். டையிங்கில் சாயம் சரியாக ஏறாத துணி போல இருந்தது. சே, அப்போதும் எனக்குத் துணிதான் ஞாபகம் வந்தது.

"நெஞ்சுக்குப் போயிடுச்சு. இனி ஆபரேஷன் பண்றது அதுக்குத்தான் கஷ்டம். வலி தெரியாம பாத்துக்கலாம். முன்னாடியே கருத்தடை பண்ணியிருந்தா வர்றதுக்கு வாய்ப்பு கம்மி. பட்டன் அளவுல வந்திருந்தா எடுத்திருக்கலாம்."

பட்டன் அளவு என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

வரும்போது அப்பா வேனை மெதுவாக ஓட்டினார். அவள் ஜன்னலில் மூக்கை நீட்டி ஊரையே மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் அம்மா ஒரே அழுகை. அன்றைக்கே மட்டன் எலும்பு வந்தது, பால்சோறு வந்தது, புதுப் போர்வை வந்தது. மூன்று மாதமாக ஒரு மணி நேரம் வேன் கொடுக்காத வீட்டில் இப்போது அவளுக்கு ராஜ உபசாரம். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவளுக்குப் பிடித்தது. நன்றாகச் சாப்பிட்டாள்.

யூனிட்டில் நான் ஒரு ரூல் போட்டேன். அவள் படுத்திருக்கும் பக்கம் யாரும் டேப்போடு போகக்கூடாது. ஏனென்றால் இப்போதும் டேப்பைப் பார்த்தால் மூச்சு இரைக்க எழுந்து வந்து, சிரமப்பட்டு மல்லாந்து, வயிற்றைக் காட்டுகிறாள். அந்தத் திருநெல்வேலி அக்கா ஒருநாள் மறந்துபோய் வந்துவிட்டு, டேப்பைச் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு, "போ தாயி, போய்ப் படு, இன்னிக்கு அளவு இல்ல" என்றாள். அன்றைக்கு டேபிளில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

போன வாரம் அப்பா மறந்தார். போனில் அடுத்த ஆர்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே அவள் பக்கம் நடந்துவிட்டார், டேப் கழுத்தில் தொங்குகிறது. அவள் மல்லாந்தாள். நான் செக்கிங் டேபிளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா நின்றார். டேப்பை உருவிப் பாக்கெட்டில் போட்டார். குந்தி உட்கார்ந்து, கட்டியைத் தொடாமல், நெஞ்சுப் பக்கம் கையை வைத்தார். கை அவள் மூச்சோடு ஏறி இறங்கியது. போனை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை.

"கண்டிப்பா முடிச்சரலாங்க சார்" என்றார். "இந்த ஷிப்மெண்ட் தேதி மாறாதுங்க."