பிறந்த வீட்டுக் கோடி

தேவிகுளம் தாலுகா கச்சேரியை மண்சரிவிலிருந்து காத்து நிற்கும் கல்சுவர் நான் கட்டியது. சாந்தன்பாறைப் பாதையில் காட்டாற்றின் மேல் உள்ள பாலமும் நான் கட்டியதே. எனக்கு முன் வேறொருவர் கட்டியது ஒரு மழைக்கே போயிற்று, என்னுடையது நிற்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பாதி என் ஆட்கள் எழுப்பியவை. அரிச்சுவடிக்கு மேல் படிக்காமல், ஏலக்காய் மூட்டை சுமந்து இந்த மலையில் ஆளானவன் நான். தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. காலஞ்சென்ற என் அக்கா அவர்களைப் பற்றி நினைவு மலரில் எழுத இவனுக்கு என்ன தகுதி என்று கேட்கும் உறவினர் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

அக்கா அவர்கள் திருநெல்வேலிச் சீமையில், மழை பொய்த்த ஒரு கரிசல் ஊரில் பிறந்தார்கள். இளவயதில் கைம்பெண்ணாகி, என் கையைப் பிடித்துக்கொண்டு மலையேறி, தேயிலைக் கொழுந்து பறிக்கச் சேர்ந்தார்கள்.

அவர்கள் ஏன் தோட்டத்துப் பெண்களுக்கான ஊழியத்தில் இறங்கினார்கள் என்று இரங்கல் கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிள்ளையில்லாத குறை என்றார் ஒருவர். பட்டணத்து அம்மாள் ஒருவரின் பேச்சைக் கேட்டு மனம் மாறியதாக மாதர் சங்கத்துக் காரியதரிசி அம்மாள் சொன்னார். இரண்டும் தவறு. நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு லயத்தில், கணவனை முன்பே இழந்த ஒரு பெண் காய்ச்சலில் இறந்து போனாள். குளிப்பாட்டிக் கிடத்தியாயிற்று, தூக்கத்தான் முடியவில்லை. பெண் இறந்தால் உடன்பிறந்தவன் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதன் பிறகே பாடை எழும். அவளுக்கோ உடன்பிறந்தார் இல்லை. சேலை பெரிதல்ல. கோடி போட்டவன் அவள் பெண்குழந்தைக்குத் தாய்மாமன் ஆகிறான். காதுகுத்து முதல் கலியாணம் வரை சீர் செய்ய வேண்டும். அதனால் ஆண்கள் எல்லோரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

என் வீட்டுக்காரிக்குப் போடியில் எடுத்த புதுச்சேலையோடு நான் அந்த வழியே வந்தேன். அக்கா அவர்கள் மறித்தார்கள்.

“ஏலே, செவரு கட்டுனேன், பாலம் கட்டுனேன்னு பீத்திக்கிட்டுத் திரியுதியே. இந்தச் சேலைய அவ மேல போடக் கை வராதோ?”

“இது எம் பொண்டாட்டிக்கு எடுத்ததுக்கா.”

“அவளுக்கு நீ இருக்க. இவளுக்கு ஆரு இருக்கா?”

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி குறுக்கே விழுந்தார். “யோசிச்சுக்கிடும்வே. நாளைக்கு இந்தப் பிள்ள சீர் எங்கன்னு ஒம்ம வாசல்ல வந்து நிக்கும்.”

“நிக்கட்டும்வே. வாசலும் நான் கட்டுனதுதான்” என்று சொல்லிச் சேலையை விரித்துப் போர்த்தினேன். எந்தச் சாதி என்று நான் கேட்கவில்லை. எங்கள் உறவினர் பிறகு கேட்டார்கள்; சிலர் என் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். பெயர் எழுதவில்லை, அவர்களுக்கும் இந்த மலர் போகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அவர்கள் லயம் லயமாகப் போய், “ஒனக்குக் கோடி கொண்டுவர ஆரு இருக்கா?” என்று பெண்களைக் கேட்டார்கள். ஒருத்தி விளக்குமாற்றைத் தூக்கினாள். “நல்லா இருக்குதவள இப்பமே பாடையில ஏத்துதியாக்கும்?”

திரும்பும் வழியில் அக்கா அவர்கள் என்னிடம் சொன்னார்கள்: “அவ சொல்லுததும் சரிதாம்லே. செத்த பொறவு வாரவன் எதுக்கு? காய்ச்சல்ல கெடக்கையில வாரதுக்கு ஒருத்தி வேணும். அது நாந்தான்.”

சொன்னபடியே கொழுந்துக்கூடையை இறக்கி வைத்தார்கள். பிரசவத்துக்குத் துணை நின்றார்கள். காய்ச்சல்காரிகளைக் கட்டிலோடு தூக்கவைத்து ஆஸ்பத்திரி சேர்த்தார்கள். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியை வேலைக்கு இழுத்த கங்காணியின் முன் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். சங்கம் சம்பளம் போட்டது வெகுகாலம் கழித்து. அதுவரை என் வீட்டுச் சோறு. ஆதரவற்ற பெண்களுக்காக அக்கா அவர்கள் நடத்திய வீட்டுக்கு அஸ்திவாரம் நான் போட்டது. அந்த மாட்டுப்பட்டிக் குழந்தைக்குச் சீர் ஒன்றும் குறையவில்லை. கலியாணப் பந்தலில் தாய்மாமனாக நின்றவன் நான்.

நெஞ்சுச்சளி கண்டு படுத்த கடைசி நாட்களிலும், எங்காவது பிரசவ வலி என்று ஆள் வந்தால், யார் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா அவர்கள் தலை சாய்த்தார்கள். மருந்து கொடுத்த டாக்டர் ஐயாவுக்கும், முறை வைத்துப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும், கொட்டும் மழையில் தோள் கொடுத்த லயத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சங்கத்தாருக்கு ஒன்று. அக்கா அவர்கள் நடத்திய வீட்டு முகப்பில் நீங்கள் பதிக்கப்போகும் கல்லில் பட்டணத்து அம்மாளின் பேச்சைப் பற்றி வெட்டக் கூடாது. தம்பி கோடி போட்ட அன்று அக்கா தொடங்கிய ஊழியம் என்று வெட்ட வேண்டும். கல்லில் இடம் போதாது என்று சொல்லாதீர்கள். கல் என் குவாரியிலிருந்து வருகிறது; எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் அறுத்துத் தருகிறேன்.