சுபாஷினியின் மைலோ

பாயான் பாரு அடுக்குமாடி வீட்டில் சுபாஷினிக்குக் காலையில் ஒரு குவளை சூடான மைலோ பானம் வந்துவிடும். கலக்கித் தருபவன் அண்ணன் யுகேந்திரன். அவள் குடித்து முடிக்கும்வரை வாசலில் நின்று செருப்பைத் தேடுவதுபோல் நடிப்பான். நடிக்கவும் தெரியாத மனுஷன்!

சமையலறைச் சுவருக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள். அவள் குரல் சுபாஷினிக்கு மட்டும்தான் கேட்கும். தொழிற்சாலை வேலை போனதும், மருத்துவமனை வார்டில் போய்ப் படுத்ததும் அந்தக் குரலால்தான். "குடிக்காதடி, அதுல என்னமோ கலந்திருக்கான்" என்பாள்.

சுபாஷினி ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். கசக்கும். கேட்டால், "ஒண்ணுமில்லலா, வெறும் மைலோதான்" என்பான் கூடப் பிறந்தவன். ஐயோ, யாரைத்தான் நம்புவது? அவன் பார்க்காதபோது மிச்சத்தைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிடுவாள். குரல் வலுத்துக்கொண்டே போனது. மறுபடியும் வார்டுதான் என்று வீட்டில் பேச்சு வந்தது.

அரசாங்கக் கிளினிக்கில் இந்த முறை புதிய தாதி காமாரியா இருந்தார். மற்றவர்களைப்போல் அண்ணனை விசாரிக்காமல், நாற்காலியைச் சுபாஷினி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன வேணும் தங்கச்சி?"

இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி.

"மைலோவுல என்ன இருக்குன்னு தெரியணும் அக்கா."

யுகேந்திரன் முகம் செத்துப்போயிற்று. "மாத்திரைதான் மிஸி. பொடி பண்ணிப் போட்டேன். கையில குடுத்தா வேணாம்னு சொல்லிடுவாளோன்னு பயம்லா."

"அப்போ செவுத்துக்குப் பின்னால இருக்கிறவ சொன்னதுதான் நெசம்" என்றாள் சுபாஷினி. அவன் தலை நிமிரவில்லை.

"இனிமே பொடி பண்ணாதீங்க தம்பி," என்றார் காமாரியா. "மேசையில வைங்க. அவங்களே எடுக்கட்டும். வேணாம்னா சண்டை போடாம இங்க வாங்க, பேசுவோம்."

மறுநாள் தட்டில் இரண்டு மாத்திரை, பக்கத்தில் மைலோ. அண்ணன் செருப்பைத் தேடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தான்.

"விஷம்டி" என்றது குரல்.

சுபாஷினி முதலில் மைலோவில் பாதியைக் குடித்தாள். வெறும் இனிப்பு. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிறகு மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து விழுங்கினாள்.

"நாளைக்குத் திரும்பவும் கலப்பான் பாரு" என்றது குரல்.

சுபாஷினி குவளையை அண்ணன் பக்கம் தள்ளினாள். "மிச்சத்தை நீ குடிண்ணே."

அவன் மடக்கென்று குடித்து, காலிக் குவளையைக் கவிழ்த்துக் காட்டினான். சுவருக்குப் பின்னால் இருப்பவளும் அதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.