இரண்டு பாதிக்கும் ஊதியம்

கோடை முழுவதும் நானும் என் மனைவியும் வீட்டு வண்டியில் வாழ்கிறோம். இங்குள்ளவர்கள் அதை ஆர்.வி. என்பார்கள். ஸ்காபரோவில் இருந்த வீட்டை விற்றுப் பிள்ளைகள் இருவருக்கும் வீடு வாங்கக் கைகொடுத்த பின், எஞ்சிய பணத்தில் பழைய வண்டி ஒன்றை வாங்கினோம். குளிர்காலத்தில் ஸ்ரௌவ்வில்லில் மகன் வீட்டு நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்டில் இருப்போம். பனி உருகியதும் மகன் அதை வேறொருவருக்கு வாடகைக்குக் கொடுத்துவிடுவான். நாங்கள் வண்டிக்கு மாறிவிடுவோம். அடுப்புக்கு மேலே மைக்ரோவேவ் இருந்த இடத்தைச் சுவாமித் தட்டாக்கியிருக்கிறேன். அம்மையும் அப்பனும் ஓருடலாய் நிற்கும் படம் அதன் நடுவில் இருக்கிறது. விடியலில் அதன் முன் நின்று பதிகம் பாடுவேன். பக்கத்து வண்டியில் உறங்குகிறவர்கள் விழித்துவிடாதபடி தாழ்ந்த குரலில்தான்.

இந்த வாழ்வைப் பற்றி ஸ்காபரோக் கோயிலில் பேச்சு எழாமல் இல்லை. பூசை முடிவில் பல ஆண்டுகளாகப் பாடி வருகிறவன் நான். ஒருநாள் பாடி முடித்து இறங்கியபோது, தெரிந்த ஒருவர் மண்டபத்தூணில் சாய்ந்தபடி கேட்டார்.

"அண்ணை, உள்ள வீட்டை வித்துப்போட்டு வான் வண்டிக்குள்ளை குடியிருக்கிறியளாம். மெய்யோ?"

"மெய்தான். சந்தோசமாய் இருக்கிறம்."

"வண்டி விடுற இடத்திலை கக்கூஸும் கழுவுறியளாம்."

"ஓம். இஞ்சை கோயிலிலை நான் கழுவேக்கையும் நீங்கள் இப்பிடித்தானே பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அவர் சிரித்துவிட்டார். நான் சொன்னது மெய்யே. மாதத்தில் ஒரு ஞாயிறு, நானும் மனைவியும் வேறு சில அடியவர்களும் கோயிலில் உழவாரப் பணி செய்கிறோம். கூட்டுவோம், கழுவுவோம், விளக்குத் துலக்குவோம். கூலி என்ற எண்ணமே எழாத வேலை அது. அந்தப் பழக்கம் கையில் ஊறிப் போனபடியால்தான், விடுமுறைக்கு வருகிறவர்கள் கூடாரமோ வண்டியோ போட்டுத் தங்கும் காம்ப்கிரவுண்டில் எனக்குச் சிக்கல் வந்தது.

ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே, மரங்கள் அடர்ந்த நிலத்தில் அமைந்த காம்ப்கிரவுண்ட் அது. அறுபதை நெருங்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, கணவர் இறந்த பின் தனியாக அதை நடத்துகிறார். முதல் சந்திப்பிலேயே ஏற்பாட்டைச் சொன்னார். இருவருமாக வாரத்துக்கு இருபது மணித்தியாலம் அளவில் வேலை. பதிலுக்கு, வண்டியை நிறுத்த மின்சாரமும் தண்ணீரும் கழிவுக்குழாயும் உள்ள ஓர் இடம், அவர்கள் சொல்லில் சைற், இலவசம். தம்பதிக்கு ஒரு சைற் என்பதுதான் இத்தகைய இடங்களில் வழக்கம் என்றார்.

எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. "எங்கள் இறைவனே பாதி பெண்ணாக நிற்பவன். கணவனும் மனைவியும் எங்களுக்கு இரண்டு அல்ல, ஒன்று" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் மகிழ்ந்து கைகுலுக்கினார். சமயத்தை அழகாக எடுத்துரைத்துவிட்டேன் என்ற திருப்தியோடு நான் காரில் ஏறினேன். கார் நெடுஞ்சாலையில் ஏறியது. மனைவி சொன்னாள்:

"நல்ல பிரசங்கம். எந்தப் பாதி கக்கூஸ் கழுவுறது, எந்தப் பாதி கேற்றிலை இருக்கிறது எண்டதைச் சொல்ல மறந்துபோனியள்."

அது சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது. வாயிலில் கார்களைப் பதிவது, விறகுக் கட்டுகளை விற்பது, புல் வெட்டுவது எல்லாம் என் பங்கு. கழிவறைகளும் குளியலறைகளும், கேபின் எனப்படும் மூன்று மரக்குடில்களும் அவள் பங்கு. வைகாசியில் கூட்டம் குறைவு, வேலையும் குறைவு. பள்ளிக்கூடங்கள் விடுமுறை விட்டபின் நிலைமை மாறியது. சனிக்கிழமைதோறும் ஒரு குடும்பம் பதினொரு மணிக்குக் கேபினை விட்டுப் போகும். மூன்று மணிக்கு அடுத்த குடும்பம் வந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் மூன்று கேபின்களுக்கும் படுக்கை மாற்றி, சமையலறை துடைத்து, தரை கழுவ வேண்டும். உடன்பட்ட இருபது மணித்தியாலத்தை நான் ஒருவனே செய்து முடித்துக்கொண்டிருந்தேன். அவளோ அதற்கு மேலாக வாரத்துக்கு முப்பது மணித்தியாலம் உழைத்தாள். சைற்றின் விலையை என் வேலை அடைத்துவிட்டது. அவளுடைய வேலைக்கு எந்தப் பெறுமதியும் இல்லை.

ஆடி மாதத்து மாலை ஒன்றில், மணிக்கட்டுக்கு எண்ணெய் தடவியபடி அவள் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, நாளைக்கு அவவிட்டைச் சம்பளம் கேக்கப்போறன்."

"சைற் தந்திருக்கிறாதானே. கைநீட்டிக் கேக்கிறது வடிவில்லையப்பா."

"நீங்கள் பாடுற பாட்டெல்லாம் பிறகென்ன? அதைத் தா, இதைத் தா எண்டு உரிமையோடை கேக்கிறதுதானே. சாமியிட்டைக் கேக்கலாம், மனிசரிட்டைக் கேக்கப்படாதோ?"

"அது வேறை, இது வேறை."

"அதைத்தான் நானும் சொல்லுறன். கோயிலைக் கூட்டிப்போட்டு நான் ஒருநாளாவது காசு கேட்டனானோ? உது கோயில் இல்லை. வாற ஒவ்வொரு காருக்கும் அவ காசு வாங்கிறா. நான் கழுவி வைச்சிருக்கிறபடியால்தான் வாங்கிறா."

அவள் ரெக்ஸ்டேல் பக்கம், விமான நிலையத்தை அண்டிய ஹோட்டல் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறை துப்புரவு செய்தவள். தொழிற்சங்கத்தில் தன் தளத்துக்குப் பிரதிநிதியாகவும் இருந்தவள். கேட்பது அவளுக்குக் கூச்சம் தரும் செயல் அல்ல. நான் பாடும் பாடல்களை அருளியவர்களை அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். பொன்னும் நெல்லும் இறைவனிடம் வாய்விட்டுக் கேட்டவர்கள் அவர்கள். அவனுக்கு அடிமை என்று உருகியவர்கள், மண்ணில் வேறு எவருக்கும் அடிமையாக மறுத்தவர்களும்கூட. இந்த இரண்டாவது பாதியை நான் பாடியிருக்கிறேனே அன்றி வாழ்ந்ததில்லை.

அடுத்த நாள் வியாழக்கிழமை. அலுவலகக் கொட்டிலுக்கு இருவரும் போனோம். மனைவி தன் ஹோட்டல் ஆங்கிலத்தில், அவசரப்படாமல் சொன்னாள். "கணவரின் வேலை சைற்றுக்குச் சரியாகிறது. என் வேலைக்கு, இங்குள்ள கடையில் வேலை செய்கிறவருக்கு நீங்கள் கொடுக்கும் மணித்தியாலச் சம்பளத்தைக் கொடுங்கள். என் பெயரில் கொடுங்கள்."

உரிமையாளர் வியப்போடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் இருவரும் ஒன்று என்று சொன்னது நீங்கள்தானே?"

என் சொல்லுக்கு நானே பொறுப்பு. "சொன்னது உண்மை. ஆனால் அந்த வடிவத்தில் ஒரு காதில் குழை, மறு காதில் தோடு. ஒரு காலில் வீரக்கழல், மறு காலில் சிலம்பு. ஒருவருக்கு மட்டும் அணி பூட்டிவிட்டு இருவருக்கும் அது போதும் என்று எங்கள் சிற்பி எவரும் விட்டதில்லை. நாங்கள் ஒன்றுதான். அவளுடைய சிலம்பு அவளுடையது" என்றேன்.

அவர் சிரித்தார், ஆனால் இணங்கவில்லை. பருவத்தின் நடுவில் புதுச் செலவை ஏற்க முடியாது, ஒத்துவராவிட்டால் சொல்லிவிடுங்கள் என்றார். மனைவி கேபின்களின் சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். "இன்றைய வேலை முடிந்தது. சம்பளம் என்று சொன்னால் நாளைக்கே வருவேன்."

வண்டிக்குத் திரும்பும் வழியில் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். உரிமையாளர் எங்களைப் போகச் சொன்னால் எங்கே போவது? மகனுடைய பேஸ்மென்டில் வேறொருவர் இருக்கிறார். மகளின் வீட்டு வரவேற்பறைச் சோபாதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை, திங்களும் விடுமுறையான நீண்ட வார இறுதியின் தொடக்கம். முதல்நாள் மாலை பெய்த மழையில் பிள்ளைகள் மிதித்துக் கழிவறை வாசலெங்கும் சேறு. உள்ளே தொட்டிகளில் முடியும் சவர்க்கார நுரையும். அதைக் கண்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வண்டிக்கு வந்து தூரிகையையும் வாளியையும் எடுத்தேன்.

"எங்கை போறியள்?"

"சும்மா ஒருக்கா..."

"நீங்கள் போய்க் கழுவினால் எனக்குச் சம்பளம் தேவையில்லை எண்டு நீங்களே சொல்லுறமாதிரி."

"அழுக்கைக் கண்டால் கை பேசாமல் இருக்காதப்பா."

"அப்ப கையைக் கட்டிக்கொண்டு பாடுங்கோ."

வாளியை இறக்கி வைத்தேன். அழுக்கைக் கண்டும் அகற்றாமல் இருப்பது என் வாழ்நாளில் நான் செய்த கடினமான தொண்டு. நான் குனிந்து கழுவியிருந்தால் அவள் நிமிர்ந்து கேட்டது வீணாகியிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு பாடினேன். அன்று குரல் சற்று உயர்ந்துவிட்டது. பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு வாயிலுக்குப் போய் என் மணித்தியாலங்களைக் குறைவின்றிச் செய்தேன்.

சனிக்கிழமை கேபின்களை உரிமையாளரே துப்புரவு செய்தார். எங்கள் வண்டியிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம்தான். மனைவி மடக்குக் கதிரையில் இருந்து போஞ்சி நறுக்கினாள். கண் மட்டும் அங்கேயே இருந்தது.

"விரிப்பை முழங்காலாலை தள்ளுறா. நாரி பிடிக்கப்போகுது, இடுப்பு நிமிராது" என்றாள். எழுந்தாள், மறுபடி கதிரையில் இருந்தாள்.

மூன்று மணிக்கு வந்த குடும்பங்கள் கேபின் வாசல்களில் காத்து நின்றன. கடைசிக் குடும்பம் உள்ளே போகும்போது ஐந்து கடந்துவிட்டது. அதன்பின் உரிமையாளர் இடுப்பில் கைவைத்தபடி எங்கள் வண்டிக்கு வந்து படியில் அமர்ந்தார். மனைவி இஞ்சித் தேநீர் கொடுத்தாள். பாதி குடித்தபின் அவர் சொன்னார்: "இருபது வருடமாக இந்த இடம் என்னிடம் இருக்கிறது. மூன்று கேபினையும் ஒரே நாளில் நான் செய்தது இன்றுதான்." கடையில் வேலை செய்கிறவருக்குக் கொடுக்கும் மணித்தியாலச் சம்பளத்தையே அவளுக்கும் தருவதாகவும், ஆடி மாதத் தொடக்கத்திலிருந்து கணக்கிடுவதாகவும் கூறினார். அதற்கு முந்திய வாரங்களைப் பற்றி அவர் பேசவில்லை. மனைவி ஒரு கணம் யோசித்துத் தலையசைத்தாள். பின் என்னிடம் தமிழில், "நாரிக்கு எண்ணெய் வேணுமோ எண்டு அவவைக் கேளுங்கோ" என்றாள்.

முதல் காசோலை வந்தது. அவள் பெயர் மட்டும் எழுதப்பட்ட காசோலை. தன் பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசித்தாள். பின் சுவாமித் தட்டில், படத்தில் அம்மை நிற்கும் பக்கமாகச் சாய்த்து வைத்தாள். ஹோட்டலில் அவளுக்கு வந்த சம்பளங்களை நான் எண்ணிப் பார்த்ததில்லை. வீட்டுக் கடனுக்கு அவை கரைந்தன. இந்தக் காசோலையின் முன் மட்டும் கைகூப்பத் தோன்றியது.

அந்த மாதத்து உழவார ஞாயிறு, கோயில் மண்டபத்தில் அதே மனிதர் அதே தூணில் சாய்ந்து நின்றார்.

"என்னண்ணை, இப்பவும் அங்கை கக்கூஸ் வேலைதானோ?"

"நான் கேற்றிலை. அவதான் கழுவுறா. தன்ரை பேரிலை சம்பளம் வாங்கிறா" என்றேன். மண்டபத்தின் மறுகோடி வரை கேட்கும்படி சொன்னேன்.

அவர் பதில் சொல்வதற்குள், மண்டபத்தைக் கூட்டிக்கொண்டே என் மனைவி எங்களிடம் வந்துவிட்டாள். கூலி கேளாத வேலையில் அவள் கைவேகம் இரட்டிப்பு. துடைப்பத்தை அவருடைய பாதத்தருகே நிறுத்தினாள்.

"தம்பி, காலை எடும். உதுக்குக் கீழையும் கூட்டவேணும்."