வாலாட்டிவிட்டுப் போனவர்கள்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் நம் கையைக் கடித்தாலும், "பயந்துட்டியா கண்ணு?" என்று நாம்தான் சமாதானம் சொல்ல வேண்டும்.

பெங்களூரில், அல்சூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் நானும் நஸ்ரீனும் சேர்ந்து நாய்களுக்கு சலூன் நடத்துகிறோம். சின்ன நாய்கள் மட்டும்தான். லாப்ரடாரைத் தூக்கி மேஜைமேல் நிறுத்த எங்கள் இரண்டு பேர் இடுப்பும் ஒத்துழைக்காது. அதற்கு முன்னால் ஒரே பியூட்டி பார்லரில் பெண்களுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தோம். பார்லரை மூடிவிட்டார்கள். கையில் கத்தரிக்கோல் பழக்கம் இருக்கிறது, ஊரில் நாய்களும் நிறைய இருக்கின்றன என்று நான் ஒரு பயிற்சிக்குப் போய் வந்து இதைத் தொடங்கினேன். வீட்டில் நாய் வைத்திருப்பவர்களுக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடப் போவதில்லை. முடி ஒட்டும் என்று கறுப்புப் புடவையைப் பீரோவிலேயே பூட்டி வைத்திருப்பவர்கள்தானே நீங்களும்!

நஸ்ரீன் ஸ்டூலிலிருந்து இறங்கியது

நஸ்ரீனுக்கு நாய் என்றாலே பயம். "நான் போன் எடுப்பேன், டவல் துவைப்பேன், நாயைத் தொடச் சொன்னா மட்டும் நக்கோ, வேணாம்" என்று கண்டிஷன் போட்டுத்தான் கூட்டுச் சேர்ந்தாள். கடை திறந்த புதிதில் ஒரு குட்டி பக் நாய் உள்ளே வந்தாலும் ஸ்டூல்மேல் ஏறி நின்றுகொண்டு அங்கிருந்தே, "வணக்கம் சார், உட்காருங்க" என்பாள். வருகிற ஆட்கள் எங்களில் யாருக்குச் சிகிச்சை தேவை என்று யோசித்திருப்பார்கள்.

ஒருநாள் நான் உள்ளே ஒரு நாய்க்கு டிரையர் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே காத்திருந்த குட்டைக் கால் டாக்ஸ்ஹண்ட் ஒன்று, பக்கத்துக் கடையில் இரும்பு ஷட்டரை இறக்கிய சத்தத்துக்கு மிரண்டு, கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிட்டது. பஸ் வருகிற ரோடு. எனக்கு டிரையர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நான் வெளியே வந்தபோது ஸ்டூல் கீழே விழுந்து கிடந்தது, நஸ்ரீனைக் காணோம், அவள் செருப்பு மட்டும் இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், நடு ரோட்டில் ஒரு கையை நீட்டி பஸ்ஸை நிறுத்திவிட்டு, வெறுங்காலோடு குனிந்து, காய்கறி வண்டிக்கு அடியில் கையை விட்டுக்கொண்டிருக்கிறாள். பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கிறது. அவள் காதில் எதுவும் விழவில்லை. நாயைத் துப்பட்டாவில் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். நாய் வெடவெடத்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஓர் ஆச்சரியம். "அரே விமலா, இது என்னைவிட ஜாஸ்தி பயந்துக்குது!"

மோமோவின் சட்டை

தீபா ஈரோட்டுப் பெண். ஐ.டி. வேலை. அவளுடைய ஷிட்ஸு நாயின் பெயர் மோமோ. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஊருக்குப் போனவள், பல மாதம் அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. மோமோவை ஒரு தோழி பார்த்துக்கொண்டாள். சோறு போட்டாள், வெளியே கூட்டிப்போனாள். சீப்பு மட்டும் போடவில்லை. ஷிட்ஸுவுக்குத் தினமும் சீப்பு போடாவிட்டால் முடி வேரோடு சிக்கிக் கம்பளி மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியாது. கூடவே வாராவாரம் குளிப்பாட்டினாள். தண்ணீர் பட்டதும் சிக்கு இன்னும் இறுகிவிட்டது.

தீபா அவனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, "வேற ஒரு இடத்துல ரொம்பத் திட்டிட்டாங்கக்கா. நீங்களும் திட்டறதுன்னா திட்டிட்டே செய்யுங்க" என்றாள். திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் அம்மாவைப் பார்ப்பாளா, இவனைப் பார்ப்பாளா? மோமோ நடக்கவே இல்லை. இறக்கிவிட்டால் இரண்டு அடி வைத்து உட்கார்ந்துகொண்டான். மூச்சு விடுவதுகூடக் கிழவன் மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டும் அக்குளில் நெஞ்சோடு சேர்த்துத் தைத்த மாதிரி சிக்கியிருந்தன. காலை நீட்டினால் தோல் இழுபடும். வலிக்காமல் என்ன செய்யும்?

சிக்கு எடுக்கிறேன் என்று சீப்பால் இழுத்தால் அது சித்திரவதை. முடிவெட்டும் மெஷினைத் தோலோடு சேர்த்து ஓட்டி முழுசாக எடுக்க வேண்டியதுதான். மெஷின் சூடாகும்போதெல்லாம் நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, மறுபடி ஓட்டினேன். நஸ்ரீன் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குத் தெரிந்த எல்லாத் தாலாட்டையும் உருதுவில் பாடினாள். முடி தனித்தனியாக விழவில்லை. கோட் மாதிரி ஒரே துண்டாகக் கழன்று வந்தது. உள்ளே தோல் சிவந்திருந்தது, ஆனால் எங்கேயும் புண் இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. தரையில் இறக்கிவிட்டேன். ஒரு நிமிஷம் நின்றான். ஒரு காலை நீட்டிப் பார்த்தான். இன்னொரு காலை நீட்டினான். அப்புறம் பிடித்தானே ஓட்டம்! மேஜைக்கு அடியில், டவல் கூடைக்குள், எங்கள் காலுக்கு இடையில், கதவு வரைக்கும் போய்த் திரும்பி. தீபா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். "வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்க்கா. வயசாகல, இவனுக்குச் சட்டை டைட்டா இருந்திருக்கு!"

அம்மா ஊருக்குப் போயிருக்கு

நாய் வாங்குவதற்கு முன்னால் எங்களிடம் கேட்க வருபவர்கள் குறைவு. வாங்கிவிட்டு வருபவர்கள்தான் அதிகம். முருகன் வாங்குவதற்கு முன்னாலேயே வந்தார். பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் பேக்டரியில் லைன் சூப்பர்வைசர். மனைவி சுமதியும் அங்கேதான். மகள் ஹரிணி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சாயங்காலம் வரை வீட்டில் தனியாக இருக்கிறாள் என்று துணைக்கு நாய். உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும் பஞ்சு உருண்டை ஒன்றின் படத்தைப் போனில் காட்டினார். "இதுக்கு மேல வளராதாம் மேடம்."

"அதை நம்பாதீங்க. முதல்ல நேர்ல போய் தாய் நாயைப் பாருங்க. குட்டி எப்படி வரும்னு அம்மாவைப் பாத்தா தெரியும். அம்மாவைக் காட்டலேன்னா திரும்பிப் பாக்காம வந்துடுங்க" என்றேன். மனிதர் அப்படியே செய்தார். விற்கிற ஆள் தாய் நாயைக் காட்டவில்லை. விடாமல் கேட்டதற்கு, "அம்மா ஊருக்குப் போயிருக்கு சார்" என்றானாம். குட்டியோ, கண் திறந்து கொஞ்ச நாள்கூட ஆகாதது மாதிரி நிற்க முடியாமல் தள்ளாடியிருக்கிறது. முருகன் வெறுங்கையோடு எழுந்து வந்துவிட்டார். ஹரிணி அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அந்தச் சமயம் எங்கள் பழைய வாடிக்கையாளரான ஒரு கன்னடத்து அம்மாவுக்கு மகனோடு வெளிநாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவருடைய வெள்ளை பொமரேனியன் பிங்கிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். வளர்ந்த நாய், வீட்டுப் பழக்கமெல்லாம் தெரிந்தது. தனியாக இருக்கும் பெண்ணுக்குக் குட்டியைவிட இது தேவலை என்று முருகன் குடும்பத்தைக் கடைக்கு வரச் சொன்னேன். ஹரிணி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். "எனக்குக் குட்டிதான் வேணும்." பிங்கி சுமதியை மோந்தது, முருகனை மோந்தது, பிறகு நேராகப் போய் ஹரிணியின் ஸ்கூல் பையின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. பையை இழுத்தாள், அசையவில்லை. "எந்திரி" என்றாள், காதைக்கூட ஆட்டவில்லை. கன்னடத்து அம்மா மெதுவாக, "ஏளு பிங்கி" என்றார். உடனே எழுந்து நின்றது. ஹரிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் "ஏளு பிங்கி, பா இல்லி" என்று சொல்லிப் பார்த்தாள். அது ஓடி வந்து மடியில் ஏறியது. அடுத்த தடவை முடி சீவ வந்தபோது மூன்று பேரும் பிங்கியிடம் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்கள். முருகன் பெருமையாகச் சொன்னார்: "இத்தனை வருஷம் பெங்களூர்ல இருந்து கத்துக்காத கன்னடத்தை இது கத்துக் குடுத்துடுச்சு மேடம்!"

ராணியின் இடது பக்கம்

ஒக்கலிபுரத்திலிருந்து தேவராஜ் அண்ணன் வந்தார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். ஒயர் கூடையில் லாஸா அப்ஸோ நாய் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. "பேரு ராணி. கடிக்கும்மா, இப்பவே சொல்லிடறேன்" என்றார். மற்ற சலூன்களில் எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மனைவி போன பிறகு அவருக்கு இருந்தது ராணிதான். இப்போது மருமகள் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள். கடிக்கிற நாய் இருக்கிற வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டுவர முடியாது என்று மகன் சொல்லிவிட்டான். நியாயம்தானே? அவரும் அப்படித்தான் சொன்னார். "தப்பு அவன்மேல இல்லம்மா. ஆனா இதைக் கொண்டுபோய் எங்க விடறது?"

ராணி என்னைக் கடித்தாள். நஸ்ரீனையும் கடித்தாள். கட்டுப் போட்டுக்கொண்டே நஸ்ரீன்தான் கேட்டாள், "ரெண்டு தடவையும் இந்தப் பக்கம் தொட்டப்பதானே கடிச்சா?" வலது பக்கம் தொட்டுப் பார்த்தோம். சும்மா நின்றாள். இடது பக்கம் கை போனாலே பல் தெரிந்தது. தலையையும் கொஞ்சம் அந்தப் பக்கமே சாய்த்து வைத்திருந்தாள். அன்று சீப்பைக்கூட எடுக்காமல், தேவராஜ் அண்ணனோடு ஆட்டோ ஏறி டாக்டரிடம் போனோம். இடது காதுக்குள் முடி அடைத்து, ஆழத்தில் சீழ் கட்டியிருந்தது. "எத்தனை நாள் இந்த வலியோட இருந்துச்சோ" என்றார் டாக்டர். மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்து மருந்து எழுதிக் கொடுத்தார். தேவராஜ் அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "சொல்லத் தெரியாம கடிச்சிருக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

காது ஆறிவிட்டது. பயம் அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை. அதற்கப்புறம் அவர் ராணியைச் சும்மா கூட்டி வருவார். ஒருநாள் நகவெட்டியைக் காட்டி ஒரு ஸ்பூன் தயிர். இன்னொரு நாள் நகத்தைத் தொட்டு ஒரு ஸ்பூன். அப்புறம் ஒரே ஒரு நகம். அவள் தானாகவே இடது முன்னங்காலை என் கையில் வைத்த அன்றைக்கு நஸ்ரீன் விசில் அடித்தாள். மகனும் ஒருநாள் வந்து ஓரமாக நின்று பார்த்தான். அதைப் பார்த்த பிறகுதான் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். யாராவது கூட இல்லாமல் இரண்டையும் ஒரே அறையில் விடுவதில்லை என்று முடிவு. சில மாதம் கழித்து ராணிக்கு நான் முடி வெட்டிக்கொண்டிருந்தபோது தேவராஜ் அண்ணனுக்குப் போன். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். மகன் குரல். பின்னால் குழந்தையின் அழுகை. "அப்பா, ராணியை எப்ப கூட்டிட்டு வர்றீங்க? பாப்பா அவளத் தேடி அழறா!"

இது என்ன ஜாதி?

சந்திரா அக்கா, நாங்கள் குடியிருக்கும் மர்பி டவுனில் எங்கள் தெருதான். தெரு கூட்டுகிற வேலை. ஒரு விடிகாலை குப்பைக்கு நடுவில் அட்டைப்பெட்டி ஒன்று அசைவதைப் பார்த்து, கையைவிட்டு ஒரு குட்டியை எடுத்தார். சொறி பிடித்து உடம்பில் முடியே இல்லை. எலியா நாயா என்று எனக்கே சந்தேகம். அக்கா அதற்கு புஜ்ஜி என்று பெயர் வைத்து, டாக்டரிடம் காட்டி, மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்ட எங்களிடம் கொண்டுவருவார். வேலை முடித்த களைப்போடு வந்து, தானே டவலை வாங்கித் துடைப்பார். மெல்ல மெல்ல முடி வந்தது. வந்தது பாருங்கள், அப்படி ஒரு முடி! தேன் நிறத்தில், கம்பி மாதிரி சுருண்டு, மூக்குக்குக் கீழே ஒரு தாடி, கண்ணுக்கு மேல் இரண்டு புருவம். பார்லர் கை சும்மா இருக்குமா? அந்தப் புருவத்தை நஸ்ரீன்தான் திருத்துவாள்.

பக்கத்துப் பணக்கார லேஅவுட்டில் சின்ன நாய்களுக்குப் போட்டி வைத்தார்கள். "நம்ம புஜ்ஜியா? அங்கெல்லாம் நம்மள உள்ள விடுவாங்களா?" என்று அக்கா தயங்கினார். நாங்கள்தான் இழுத்துக்கொண்டு போனோம். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். மைதானத்தில் பூடில்களும் மால்டீஸ்களும் ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றன. ஒன்றையொன்று பார்த்துக் குரைத்து, கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஒரே ரகளை. புஜ்ஜி மட்டும் அக்காவின் காலை ஒட்டி நடந்தது, அவர் நின்றால் நின்றது, நடுவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தபோதும் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. முதல் பரிசை அறிவித்தபோது அக்கா நகரவே இல்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். நானும் நஸ்ரீனும் சேர்ந்து தள்ளினோம்.

மேடையில் கோப்பையைக் கொடுத்துவிட்டு, மைக் பிடித்திருந்தவர் குனிந்து புஜ்ஜியின் தாடியைத் தொட்டுப் பார்த்தார். நல்ல மனிதர், நிஜமான ஆவலோடுதான் தமிழில் கேட்டார்: "அம்மா, இது என்ன ஜாதி?" மைதானம் முழுக்கக் கேட்டது. சந்திரா அக்கா கோப்பையை ஒரு கையிலும் புஜ்ஜியை இன்னொரு கையிலும் நன்றாக ஏற்றிப் பிடித்துக்கொண்டார். தலையை நிமிர்த்தினார். மைக்கில் அவர் குரல் கணீரென்று வந்தது. "அதெல்லாம் நாங்க பாக்கறதில்ல சார். இது மர்பி டவுன்!"

நாய்களுக்கு முடி வெட்டி நாங்கள் சம்பாதித்ததில் முக்கால்வாசி எங்கள் டிபன் டப்பாவில் முடியாகத்தான் கிடக்கிறது என்றாலும், புருவம் திருத்தப் போன காலத்தில் ஒருவரும் எங்கள் முகத்தை நக்கிவிட்டுப் போனதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.